வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி: வாசகர் கேள்வி – பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரே மொழி பேசும் வகுப்பறை அபூர்வம். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பல வீடுகளில் தக்கனி உருது பேசுகிறார்கள். குடியாத்தம், காட்பாடி தொடங்கிச் சித்தூர் எல்லை வரை தெலுங்கு வீடுகள் உண்டு. பள்ளிக்கு வந்தால் தமிழ், கூடவே ஆங்கிலம். தொடக்கப் பள்ளி வகுப்புகளைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளுக்கு, இரு மொழியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் மகள் தமிழ் வழியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் உருதுதான் பேசுவோம். ‘கொடி’யைக் ‘கோடி’ என்றும், ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்றும் எழுதுகிறாள். இனி வீட்டில் உருது பேசாதீர்கள் என்கிறார் டியூஷன் டீச்சர். நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், பேர்ணாம்பட்டு

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கதை கேட்பது, காரணம் சொல்வது, ‘ஏன்’ என்று கேட்பது எல்லாம் அவளுக்கு இன்று உருதுவில்தான் வருகின்றன. அதை நிறுத்தினால் அந்த இடத்தில் தமிழ் வந்து உட்காராது. வீட்டில் பேச்சு குறையும், அவ்வளவுதான். பேச்சு குறைந்த பிள்ளைக்கு எந்த மொழியிலும் எழுத்து நிற்காது.

நீங்கள் சொன்ன இரண்டு பிழைகளுக்கும் காரணம் வேறு வேறு. ஆகவே மருந்தும் வேறு.

கொடி – கோடி குழப்பத்துக்கு உருதுவில் காரணம் இருக்கிறது. எ, ஒ என்ற குறில்களை ஏ, ஓ என்ற நெடில்களிலிருந்து பிரித்துப் பொருள் சொல்லும் வழக்கம் அந்த மொழியில் இல்லை. அதனால் அவள் காது அந்த வேறுபாட்டைத் தேடுவதில்லை. பெட்டி – பேட்டி, கொட்டை – கோட்டை, செடி – சேடி எல்லாவற்றிலும் இதே பிழை வரும். அ – ஆ, இ – ஈ குழப்பம் அவ்வளவாக வராது, ஏனென்றால் அவை உருதுவிலும் உண்டு. உங்கள் மகளின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், பிழைகள் எ, ஒ வரிசையில் குவிந்திருக்கும்.

இதற்கு எழுதிப் பழகுவதைவிடக் காதைப் பழக்குவது முக்கியம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள். முதல் எழுத்து குறில் என்றால் அவள் சிலேட்டில் ஒரு புள்ளி வைக்கட்டும், நெடில் என்றால் ஒரு கோடு இழுக்கட்டும். எழுத்தே வேண்டாம், புள்ளியும் கோடும் போதும். ஒரு நாளைக்கு எட்டுச் சொல், ஐந்து நிமிடம். புள்ளி – கோடு தவறாமல் வந்த பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்புக்குப் போகலாம். இந்த வரிசையை மாற்றி, கொம்பை முதலில் மனப்பாடம் செய்யவைத்தால் எந்தக் கொம்பை எங்கே போடுவது என்று ஊகித்துக்கொண்டே இருப்பாள்.

பள்ளி – பல்லி விஷயத்தில் உருதுவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உருதுவில் ள, ழ இல்லை என்பது உண்மைதான். ஆனால் வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்று சொல்லும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் இங்கே இதே பிழையைச் செய்கிறார்கள். நாக்கின் இடத்தைக் கண்ணாடி வைத்துக் காட்டுங்கள். ‘ல’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ‘ள’வுக்கு நுனி மேலே மடிந்து அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு மடியும், ஆனால் எதையும் தொடாது. வால் – வாள், கிலி – கிளி – கிழி, வலி – வழி என்று இணை இணையாகப் பழகட்டும். மூன்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். ல – ள முதல் வாரம், ழ அடுத்த வாரம்.

இன்னொன்று. அவள் உருது எழுதவும் கற்கிறாள் என்றால், தமிழில் சில குறிகள் விடுபடலாம். உருது எழுத்தில் குறில்களுக்கான குறிகளைப் பெரும்பாலும் போடுவதில்லை, சூழலை வைத்தே வாசிப்பார்கள். தமிழில் கி, கு போன்ற எழுத்துகளின் குறி விட்டுப்போனால் சொல்லே மாறிவிடும். உருது வலமிருந்து இடமாகப் போவதால் வரி எங்கே தொடங்குகிறது என்று குழம்பினால், நோட்டின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பச்சைப் புள்ளி வைத்துக் கொடுங்கள். சில வாரத்தில் புள்ளி தேவைப்படாது.

கேள்வி: அரசுப் பள்ளி ஆங்கில வழிப் பிரிவில் முதல் வகுப்பு எடுக்கிறேன். தமிழில் சொன்னால் ‘ஆங்கில வழி’ ஆகாது என்கிறார்கள். ஆங்கிலத்திலேயே சொன்னால் பிள்ளைகள் என் முகத்தையே பார்க்கிறார்கள். 40 நிமிடப் பீரியடில் எவ்வளவு தமிழ் பேசலாம்?
– ஆசிரியை, கே.வி.குப்பம்

பதில்: எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது இது: ஆசிரியர் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்வார், உடனே அதைத் தமிழில் சொல்வார். ‘திஸ் ஈஸ் எ ரூட், இது வேர். திஸ் ஈஸ் எ ஸ்டெம், இது தண்டு.’ இரண்டே நாளில் பிள்ளைகள் இதன் தாளத்தைப் பிடித்துவிடுவார்கள். ஆங்கில வாக்கியம் வரும்போது காதை மூடிக்கொண்டு, தமிழுக்குக் காத்திருப்பார்கள். ஆங்கிலத்தைக் கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போகிறது. ஆங்கிலம் வளராததற்குத் தமிழைப் பழி சொல்வார்கள். உண்மையில் பழுது இந்த வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றும் முறையில்தான் இருக்கிறது.

தமிழை ஒரு இடத்திலும் ஆங்கிலத்தை ஒரு இடத்திலும் சேர்த்து வையுங்கள். செடியின் பாகங்கள் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் நாள் மாலையே சந்தையில் வேரோடு விற்கும் முளைக்கீரை வாங்கிவிடுங்கள். நான்கு பிள்ளைக்கு ஒரு செடி என்று கணக்கு. மண்ணை அலசிவிடுங்கள், ஆனால் வேரில் மண் ஒட்டியிருந்த ஒரு செடியை அப்படியே வைத்திருங்கள்.

முதல் 5 நிமிடம் முழுக்கத் தமிழ். ‘இதைப் பிடுங்கும்போது ஏன் மண்ணும் கூட வந்தது? வீட்டில் அம்மா எதை நறுக்குவார், எதைத் தூக்கிப் போடுவார்?’ இந்தப் பேச்சில் வேர் செடியைப் பிடித்துக்கொள்கிறது, தண்ணீர் இழுக்கிறது என்ற கருத்து பிள்ளைகள் வாயிலிருந்தே வந்துவிட வேண்டும். தெலுங்கிலோ உருதுவிலோ ஒரு பிள்ளை சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், பக்கத்துப் பிள்ளை தமிழில் சொல்லிவிடும்.

அடுத்த 15 நிமிடம் ஆங்கிலம் மட்டும். கையில் செடி இருக்கிறது, கருத்து தெரிந்திருக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பு வேண்டாம், தொட்டுக் காட்டினால் போதும். புதிய சொல் ஆறுக்கு மேல் போகக் கூடாது: ரூட், ஸ்டெம், லீஃப், ஃப்ளவர், சாயில், வாட்டர். வாக்கிய அச்சு இரண்டு: ‘திஸ் ஈஸ் தி …’, ‘தி … ஈஸ் அண்டர் / அபவ் தி சாயில்’. ஒவ்வொரு சொல்லையும் பிள்ளைகள் முதலில் கேட்டு, தொட்டு, பிறகுதான் சொல்ல வேண்டும். ‘டச் தி ரூட்’ என்றால் தொட வேண்டும். தொடத் தெரிந்த பிள்ளைக்குப் புரிந்துவிட்டது, வாய் திறக்காவிட்டாலும் கவலை வேண்டாம்.

அடுத்த 10 நிமிடம் இரண்டிரண்டு பேராக வேலை: செடியை வரைந்து, கரும்பலகையில் இருக்கும் ஆறு சொல்லையும் பார்த்து எழுதுவது. இந்த நேரத்தில் எந்த மொழியில் பேசினாலும் தடுக்காதீர்கள். ‘ரூட்ட கீழ போடுடா’ என்பார்கள். அதுதான் சொல் உள்ளே இறங்குவதன் அடையாளம்.

பிறகு 7 நிமிடம் மறுபடி ஆங்கிலம். நான்கைந்து பிள்ளைகள் தங்கள் படத்தைக் காட்டி இரண்டு வாக்கியம் சொல்லட்டும். ‘ரூட் அண்டர் சாயில்’ என்று சொன்னால், ‘யெஸ், தி ரூட் ஈஸ் அண்டர் தி சாயில்’ என்று முழுதாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள். ‘தப்பு, திரும்பச் சொல்’ என்று நிறுத்தினால் அடுத்த பிள்ளை எழுந்திருக்காது.

கடைசி 3 நிமிடம் தமிழ்: ‘வேர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ இந்தப் பதிலை வைத்துத்தான் பாடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். ‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நாற்பது பேரும் ஒரே குரலில் ‘புரிந்தது டீச்சர்’ என்பார்கள்.

கூட்டிப் பாருங்கள். ஆசிரியர் தமிழ் பேசியது 8 நிமிடம், ஆங்கிலம் 22 நிமிடம். யார் வந்து கேட்டாலும் காட்டக்கூடிய கணக்கு. ஆண்டு போகப்போகத் தொடக்கத்தில் உள்ள 5 நிமிடத்தைக் குறைக்கலாம், கடைசி 3 நிமிடத்தைக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: மூன்றாம் வகுப்பில் 47 சொன்னால் 74 எழுதுகிறார்கள். பெரும்பாலும் உருது பேசும் பிள்ளைகள். வலமிருந்து இடமாக எழுதும் பழக்கம்தான் காரணமா? தமிழ்ப் பிள்ளைகளும் முந்நூற்று ஆறை 3006 என்று எழுதுகிறார்கள்.
– ஆசிரியர், ஆம்பூர்

பதில்: எழுதும் திசை காரணமில்லை. உருது எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும், அதில் எண்களை இடமிருந்து வலமாகத்தான் எழுதுவார்கள். காரணம் எண்ணுப் பெயரில் இருக்கிறது. தமிழில் நாற்பத்து ஏழு: பத்து முன்னே, ஒன்று பின்னே, எழுதும் வரிசையும் அதுவே. உருதுவில் 47 ‘சைந்தாலீஸ்’. ஏழைக் குறிக்கும் பகுதி முன்னே வருகிறது. கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை 74 எழுதுகிறான். அவன் கவனமாகத்தான் கேட்டிருக்கிறான். 29-க்கு ‘உந்தீஸ்’ என்பார்கள். முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள். அங்கே முப்பதின் வாடை அடிப்பதால் சில பிள்ளைகள் 3-இல் தொடங்குவார்கள். உருதுவில் நூறு வரை எண்ணுப் பெயர்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாகவே கற்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் மேல் இருக்கும் சுமையை இதிலிருந்தே அளந்துகொள்ளலாம்.

ஆங்கிலத்திலும் 13 முதல் 19 வரை இதே கதைதான். ‘ஃபோர்ட்டீன்’ என்றதும் 41 எழுதும் தமிழ்ப் பிள்ளையை எல்லா ஆசிரியரும் பார்த்திருப்பார்கள்.

தமிழிலும் குழி உண்டு. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. ‘தொண்ணூற்று மூன்று’ சொன்னால் 103 எழுதும் பிள்ளைக்கு இடமதிப்பு தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 83-ஐயும் 73-ஐயும் சரியாக எழுதினால், சிக்கல் அந்த ஒரு பெயரில்தான். முந்நூற்று ஆறு 3006 ஆவது வேறு வகை: கேட்டதைத் துண்டு துண்டாக அப்படியே எழுதுகிறார்கள், 300, பிறகு 6.

மூன்று பிழைக்கும் வேலை செய்வது அடுக்கு அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். உயரம் எல்லாவற்றுக்கும் 6 செ.மீ. ஒன்றுகளுக்கு 4 செ.மீ. அகலம், பத்துகளுக்கு 8, நூறுகளுக்கு 12. ஒவ்வொரு இலக்கமும் சரியாக 4 செ.மீ. இடத்தில் உட்கார வேண்டும். 1 முதல் 9, 10 முதல் 90, 100 முதல் 900 என்று ஒரு செட்டுக்கு 27 அட்டை. 300 அட்டையின் மேல் 6 அட்டையை வலது ஓரம் பொருந்த வைத்தால் 306 தெரியும். அடியில் இருக்கும் சுழி மறைகிறது, காணாமல் போகவில்லை. அட்டையைத் தூக்கினால் திரும்பத் தெரியும். இதைப் பிள்ளை தன் கையால் பத்து முறை தூக்கிப் பார்க்கட்டும். வலது ஓரத்தைப் பொருத்தாமல் இடது ஓரத்தைப் பொருத்துவதுதான் இங்கே நடக்கும் ஒரே தவறு. அட்டைகளின் வலது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

47 – 74-க்கு அட்டைக்கு முன்னால் குச்சி வேண்டும். குடியாத்தம் பக்கம் மருந்து வைக்காத தீக்குச்சி கிடைக்கும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, இரண்டு பேருக்கு 9 கட்டும் 9 உதிரியும் கொடுங்கள். நீங்கள் ‘சைந்தாலீஸ்’ என்று உருதுவிலேயே சொல்லுங்கள், உங்களுக்கு வராவிட்டால் ஒரு பிள்ளை சொல்லட்டும். அவர்கள் குச்சியை எடுத்து வைக்கட்டும். ‘எத்தனை கட்டு? எத்தனை உதிரி?’ நான்கு கட்டு, ஏழு உதிரி. பிறகு அட்டை, பிறகு நோட்டு, கடைசியில் தமிழ்ப் பெயர். எண்ணுப் பெயரிலிருந்து நேராக நோட்டுக்குப் போனால் தலைகீழாகும். நடுவில் குச்சி இருந்தால் தலைகீழாகாது.

கேள்வி: எங்கள் வீட்டில் தெலுங்கு. மகன் நான்காம் வகுப்பு, ஆங்கிலத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். கேள்வி கேட்டால் விழிக்கிறான். கவனக் குறைவா?
– தந்தை, குடியாத்தம்

பதில்: கவனக் குறைவு என்று சொல்லும் முன் இரண்டு சோதனை செய்து பாருங்கள். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடி, ‘என்ன நடந்தது, தெலுங்கில் சொல்லு’ என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் அவனுக்குப் புரிகிறது, ஆங்கிலத்தில் பதில் சொல்லத்தான் வரவில்லை. அது பேச்சுப் பயிற்சியால் சரியாகும்.

சொல்லவில்லை என்றால், அதே பக்கத்தின் விஷயத்தை நீங்கள் தெலுங்கில் சொல்லி, பிறகு கேளுங்கள். இப்போது சொல்கிறான் என்றால், அவன் இவ்வளவு நாள் எழுத்தை ஒலியாக மாற்றிக்கொண்டிருந்தான், பொருளாக மாற்றவில்லை. நம் பள்ளிகளில் அதிகம் காண்பது இந்த வகைதான். கோரஸாக வாசிக்கும் வகுப்புகளில் இது எளிதாக மறைந்துகொள்ளும். தெலுங்கில் சொல்லியும் திரும்பச் சொல்லவில்லை என்றால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. கேட்டதை நினைவில் கோக்கும் பழக்கம் வேண்டும். வீட்டில் தினமும் ஒரு கதை சொல்லி, திரும்பச் சொல்லவையுங்கள். காதும் சரியாகக் கேட்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் வகை என்றால் புத்தகத்தை எளிதாக்க வேண்டும். நூறு சொல் உள்ள பகுதியில் ஐந்துக்கு மேல் பொருள் தெரியாத சொல் இருந்தால், ஆசிரியர் துணை இல்லாமல் அவனால் அதைப் பிடிக்க முடியாது. பத்துக்கு மேல் என்றால் துணை இருந்தும் கடினம். ஒரு படி இறங்கி, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுங்கள், வெட்கம் வேண்டாம். ஒவ்வொரு பத்தி முடிவிலும் நிறுத்தி, ஓரத்தில் ஒரு சின்னப் படம் வரையச் சொல்லுங்கள். படம் வரைய முடியாத பத்தி புரியாத பத்தி.

கேள்வி: மகன் படிக்கும் பள்ளியில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். ஆங்கிலம் வர இது உதவும்தானே?
– வாசகர், காட்பாடி

பதில்: உதவாது. அபராதத்துக்குப் பயந்த பிள்ளை ஆங்கிலம் பேசுவதில்லை, பேசுவதையே விட்டுவிடுகிறது. வயிற்று வலி, கழிவறை அவசரம் கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் முதல் வகுப்புப் பிள்ளைகள் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. 29-ஆம் பிரிவு, நடைமுறையில் முடிந்த அளவு பிள்ளையின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. பள்ளியில் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அபராதத்துக்குப் பதிலாக, நாளுக்குப் பத்து நிமிடம் ஆங்கிலம் மட்டும் பேசும் விளையாட்டு ஒன்று நடத்தும்படி கேளுங்கள்.

கேள்வி: பஸ், பால் (பந்து), பேக் (பை) என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றையும் ‘பென்’னுக்குப் போடும் எழுத்தில் தொடங்குகிறார்கள். காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடிக்கும் பயிற்சியும் செய்து பார்த்தேன். பலனில்லை. ‘ஸ்கூல்’ என்பதையும் ‘இஸ்கூல்’ என்கிறார்கள்.
– ஆசிரியை, சத்துவாச்சாரி

பதில்: காகிதப் பயிற்சி இங்கே பலிக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலேயர் ‘பென்’ சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று தெறிக்கும், காகிதம் ஆடும். நம் ‘ப’வில் அந்தக் காற்று இல்லை. ‘பென்’னுக்கும் ‘பஸ்’ஸுக்கும் காகிதம் ஒரே மாதிரி சும்மா நிற்கும். பிள்ளைகள் எதைக் கவனிப்பது?

கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘அப்பு’ என்று மெதுவாகச் சொன்னால் நடுவில் ஒரு கணம் கழுத்தின் அதிர்வு நின்று, பிறகு தொடரும். ‘அம்பு’ என்று சொன்னால் அதிர்வு நிற்கவே நிற்காது. தப்பி – தம்பி, கொப்பு – கொம்பு என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். ‘தம்பி’யில் வரும் அந்த ஒலிதான் ‘பஸ்’ஸின் முதல் ஒலி. பிள்ளைகள் வாயில் அது பிறந்ததிலிருந்து இருக்கிறது. பேச்சில் பயம், பாக்கி என்றும் சரியாகத்தான் சொல்கிறார்கள். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ப’ இருப்பதால் அதைப் பிரித்துக் குறிக்கும் தேவை இதுவரை வரவில்லை.

அடுத்து ‘தம்பி’யை உடைக்கவையுங்கள்: தம்ம்ம்… பி. முன் பாதியை மனசுக்குள் சொல்லி, பின் பாதியை மட்டும் வெளியே சொல்லட்டும். அந்த ஒலியோடு ‘பஸ்’ சொல்லட்டும். பிறகு இரண்டு அட்டைப் பெட்டி, ஒன்றில் பேனா படம், ஒன்றில் பேருந்துப் படம். பத்துப் படங்களை ஒலி கேட்டுப் பிரித்துப் போட வேண்டும். எழுத்து இதற்குப் பிறகுதான். ஒரு ஜோடிக்கு ஒரு வாரம், நாளுக்கு ஐந்து நிமிடம். ‘க’வுக்குத் தக்கை – தங்கை, ‘ட’வுக்கு வட்டி – வண்டி.

இந்த இடத்தில் உங்கள் தெலுங்கு, உருதுப் பிள்ளைகளை முன்னால் நிறுத்துங்கள். இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து அந்த மொழிகளில் உண்டு. அவர்களுக்கு இது விளையாட்டுப் போல வரும். தமிழ்ப் பாடத்தில் தடுமாறி எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளை, இந்த ஒரு வேலையில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். வாரம் ஒரு முறையாவது அந்த வாய்ப்பை உண்டாக்கித் தர வேண்டும்.

‘இஸ்கூல்’ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்ச் சொல் இரண்டு மெய்யில் தொடங்காது, அதனால் முன்னால் ஒரு இகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிவிட்டு ‘கூல்’ சொல்லப் பழக்குங்கள். பேச்சில் வந்தால் விட்டுவிடலாம், எழுத்தில் வந்தால் மட்டும் திருத்துங்கள்.

கேள்வி: பேத்திக்கு ‘யானை’, ‘மலை’ எழுதிக் காட்டினால், ‘பாட்டி, தப்பு’ என்கிறாள். நாங்கள் படித்தது தப்பா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: தப்பில்லை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. துதிக்கை தூக்கிய பழைய ணை, லை, ளை, னையும், சுழித்து எழுதிய ணா, றா, னாவும், அவற்றையொட்டிய ஒகர ஓகார வரிசைகளும் அதில் அடங்கும். பேத்திக்குப் புதிய வடிவத்தையே எழுதிக் காட்டுங்கள். பழைய வடிவத்தை அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு வாசிக்க மட்டும் கற்றுக்கொடுங்கள். வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் அதைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் என்னிடம். தெலுங்குப் பிள்ளைகளைத் தனிக் குழுவாக உட்காரவைத்தால் நல்லதா?
– ஆசிரியர், ஒடுகத்தூர்

பதில்: வேண்டாம். மொழியை வைத்துக் குழு பிரித்தால், நன்றாக வாசிக்கும் தெலுங்குப் பிள்ளையும் எழுத்தே தெரியாத தெலுங்குப் பிள்ளையும் ஒரே பாடத்தில் மாட்டிக்கொள்வார்கள். 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துத்தான் பிரிக்கிறோம். அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள், பேச வேண்டிய வேலைக்கு மட்டும் ஒரே வீட்டு மொழிப் பிள்ளைகளை ஜோடியாக உட்காரவையுங்கள். எழுதும் வேலைக்கு ஜோடியை மாற்றுங்கள். குழு நிலையாக இருந்துவிடக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஐந்து வரி வாசிப்பதைக் கேட்டு, மாற்ற வேண்டியவர்களை மாற்றுங்கள். ஆண்டு முழுக்க அரும்பிலேயே இருக்கும் பிள்ளை அதைத் தன் பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

தெலுங்கில் நான்கு சொல் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்: கூர்ச்சோ (உட்கார்), சதுவு (படி), ராயி (எழுது), அர்த்தமைந்தா (புரிந்ததா). முதல் மாதத்தில் புதுப் பிள்ளையின் அழுகையை இவை பாதியாகக் குறைக்கும்.

பிழைத் திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு அறையில் மூன்று வகுப்பு என்றால், ‘தப்பான சொல்லை ஐந்து முறை எழுது’ என்று கொடுத்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போகத் தோன்றும். அந்த நோட்டை எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பிள்ளை ‘ப’வை ஐந்து வரியிலும் மேலிருந்து கீழாக எழுதும், பிறகு ‘ள்’ளை ஐந்து, பிறகு ‘ளி’யை ஐந்து. ‘பள்ளி’ என்ற சொல்லை அது ஒரு முறைகூட எழுதவில்லை. பதிலாக, சரியான சொல்லைப் பார்க்கட்டும், கையால் மூடட்டும், நினைவிலிருந்து எழுதட்டும், திறந்து ஒப்பிடட்டும். இப்படி இரண்டு முறை போதும். சொல்வதெழுதுதலுக்கும் பத்துச் சொல் வேண்டாம். ஒரே வகைச் சிக்கல் உள்ள ஆறு சொல், அவற்றில் இரண்டு வரும் ஒரு வாக்கியம்.

கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை. வீட்டுக்கு வர இரவு ஏழு ஆகிவிடும். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. முதல் வகுப்பு மகளுக்கு நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு தாய், ஆம்பூர்

பதில்: நிறையச் செய்ய முடியும், அதற்கு ஆங்கிலம் வேண்டாம். சமையல் நேரத்தில் பதினைந்து நிமிடம் போதும். அன்று பள்ளியில் நடந்த பாடத்தை உங்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். ‘அப்புறம்?’, ‘ஏன் அப்படி?’ என்று இரண்டு முறை கேளுங்கள். வெங்காயம், தக்காளி, கரண்டி என்று கையில் இருக்கும் ஐந்து பொருளுக்கு ஆங்கிலப் பெயரை அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள், தவறினால் அவள் திருத்தட்டும். ஆங்கிலப் புத்தகத்தை அவள் விரல் வைத்து வாசிக்கும்போது விரலும் குரலும் சேர்ந்து நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். குரல் முன்னால் ஓடி, விரல் பின்தங்கினால் அது மனப்பாடம், வாசிப்பு இல்லை. நடுவில் ஏதாவது ஒரு சொல்லைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேளுங்கள். அவளால் சொல்ல முடியவில்லை என்றால் மறுநாள் டீச்சரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.